காய்கறியும் புரோஸ்டேட் நோயும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், அவையின்கண் வெளிப்படப் பேசுதற்குப் பலருங் கூசும் பொருளாகும். ஆடவர்க்கு வயது முதிர்ந்த காலத்தில் வரும் புரோஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயைப் பற்றியும், நாம் நாடோறும் உண்ணுங் காய்கறிகளிலுள்ள சில பொருள்கள் அந்நோயைத் தடுக்குமா, தணிக்குமா என்பதைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றோம். யாம் மருத்துவங் கற்றோம் அல்லோம். பள்ளிப் பிள்ளைகட்குத் தமிழ் கற்பிப்போம். ஆயினும், வல்லார் ஆராய்ந்து வெளியிட்டவற்றைப் படித்து, அவற்றின் கருத்தை நம்மவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் ஆசிரியன் கடமையே ஆதலின் இதற்கு இசைந்தோம்.

இதனை இப்பொழுது பேசவேண்டியது ஏன் எனின், கூறுவோம். தக்காளியை மிகுதியாக உண்டால் புற்றுநோய் அணுகாதென்றும், முட்டைக்கோசுச் சாறு பருகினால் கட்டி கரைந்துவிடுமென்றும் கைப்பேசி வழியே செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றை நம்பும் முதியவர், சிறுநீர் கழிப்பதில் இடர் தோன்றியபோதும் மருத்துவரிடஞ் செல்லாது அடுக்களையிலேயே மருந்து தேடுகின்றனர். வெட்கம் ஒருபுறம் தடுக்க, இச்செய்தி மற்றொருபுறம் ஆறுதல் கூற, திங்கள் பல கழிந்துவிடுகின்றன. அங்ஙனம் கழிந்த காலம் மீளாது. ஆதலின் மெய் யாது, மெய்போல் தோன்றுவது யாது எனப் பகுத்தறிதல் நம் குடும்பங்கட்கு இன்றியமையாததாகின்றது.

சுரப்பியின் இயல்பு

புரோஸ்டேட் என்பது ஆண்மக்கட்கே உரியதொரு சுரப்பி. அது சிறுநீர்ப்பையின் கீழ், சிறுநீர் வெளிப்படுங் குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்து, ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவாய் அமைந்துள்ளது. விந்துவோடு கலக்கும் நீரில் ஒரு பகுதியைச் சுரத்தல் அதன் தொழில். 50 ஆண்டு கடந்தபின் பலர்க்கு இச்சுரப்பி தானே பருக்கின்றது. அங்ஙனம் பருத்தலெல்லாம் புற்றுநோய் அன்று. பருத்த சுரப்பி குழாயை நெருக்குதலால் சிறுநீர் தடைப்பட்டு வருதலும், இரவில் பன்முறை எழவேண்டியிருத்தலும் நிகழும். இது வேறு, புற்றுநோய் வேறு. ஆனால் இவ்விரண்டனையும் அறிகுறியால் மட்டும் வேறுபிரித்தல் நோயாளியால் ஆவதன்று. மருத்துவர் சோதித்தே அறிதல் வேண்டும். புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் யாதோர் அறிகுறியுங் காட்டாது. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் நீங்காத வலி தோன்றும்போது அது சுரப்பியைக் கடந்து எலும்பிற் பரவியிருத்தலுங் கூடும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலக முழுவதும் ஏறத்தாழ 14 இலட்சத்து 67 ஆயிரம் ஆடவர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதென்றும், ஏறத்தாழ 3 இலட்சத்து 97 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர் என்றும் மதிப்பிட்டுள்ளனர். ஆடவர்க்கு வரும் புற்றுநோய்களுள் நுரையீரற் புற்றுக்கு அடுத்த நிலையில் இது நிற்கின்றது. மேலை நாடுகளை நோக்க நம் நாட்டில் இது குறைவே. ஆயினும் நம் நகரங்களின் பதிவேடுகளில் இதன் தொகை ஏறிவருகின்றது. வயது முதிர்தலும், தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தமையும் இதற்கு உறுதியாக அறியப்பட்ட காரணங்களுள் தலையாயவை. இவ்விரண்டும் நம் கையில் உள்ளன அல்ல. ஆதலினன்றோ, நம் கையிலுள்ள உணவின்மேல் அனைவர் கண்ணும் விழுகின்றது!

தக்காளியின் மேல் நோக்கம் விழுந்தவாறு

ஜப்பான் நாட்டில் இந்நோய் அரிதாயிருந்த காலத்தில், அந்நாட்டினின்று அமெரிக்காவிற் குடியேறியோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் அது மிகுந்து காணப்பட்டது. குருதி ஒன்றாயிருக்க, நாடு மாறியவழி நோயும் மாறுகின்றதெனின், வாழ்க்கை முறையும் உணவும் அதற்குத் துணையாதல் கூடும் என்று அறிஞர் எண்ணினர். அவ்வெண்ணமே காய்கறிகளை ஆராயத் தூண்டிற்று. அவற்றுள் முதன்மை பெற்றது தக்காளி.

தக்காளி நமக்குப் புதியதன்று. பாலக்கோடு, காரிமங்கலம் முதலிய பகுதிகளில் நம்மவர் பலர் அதனைப் பயிரிட்டே வாழ்கின்றனர். ஆயினும் அப்பழம் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்ததாகும். தக்காளி என்னும் பெயர் முன்னரே நம் மொழியில் வேறு செடிகட்கு வழங்கியது; மணத்தக்காளி என்பதில் இன்றும் அதனைக் காணலாம். கடல் கடந்து வந்த இப்பழத்தை முன்னோர் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் சீமை என்னும் அடைமொழி வீழ்ந்தது. வந்தவன் வீட்டுக்காரன் ஆனான்.

இப்பழத்தின் செந்நிறத்திற்குக் காரணமான பொருளுக்கு லைகோபீன் என்று பெயர். தர்ப்பூசணி, செங்கொய்யா, செந்நிறப் பப்பாளி என்பனவற்றிலும் அஃதுண்டு. உடம்பின் நுண்ணறைகளில் இடையறாது நிகழும் வேலைகளால், அவற்றிற்கே ஊறு செய்யத்தக்க சில பொருள்களும் பிறக்கின்றன. லைகோபீன் அவற்றின் வீறடக்கும் என்பது ஆய்வுக்கூடத்திற் கண்ட உண்மை. மேலும், உண்ட லைகோபீன் உடம்பில் புரோஸ்டேட் சுரப்பியிலும் சென்று தங்குகின்றது. அது நெய்ப்பொருளிற் கரைவதாதலின், வேகாத தக்காளியினும் எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்தே உடம்பு அதனை மிகுதியாக ஏற்கின்றது. நம் வீட்டுத் தொக்கும் குழம்பும் இவ்வகையில் நல்லனவே.

1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மருத்துவத் துறைகளில் பணிபுரியும் ஆடவர் ஏறத்தாழ 48 ஆயிரம் பேரிடம் அவர் உண்பன யாவை என வினவி, 1986 முதல் 1992 வரை அவர்களைக் கவனித்து வந்தனர். தக்காளியையும் தக்காளியாலாகிய உணவுகளையும் வாரத்தில் 10 முறைக்கு மேல் உண்டவர்க்கு, ஒன்றரை முறைக்குக் குறைவாக உண்டவரினும் இந்நோய் நூற்றுக்கு 35 பங்கு குறைந்து காணப்பட்டது. இவ்வொரு செய்தியே நாடெங்கும் பரவி, இன்று நம் கைப்பேசி வரையில் வந்து சேர்ந்துள்ளது.

ஒருங்கு நிகழ்வன எல்லாம் காரணகாரியம் ஆகா

அன்பர்களே! இங்கே சற்று நின்று நோக்கல் வேண்டும். நாடோறும் மலைக்கோயிலுக்கு நடந்தேறுவோர் நெடுநாள் வாழ்கின்றனர் என்று ஒருவர் கணக்கெடுத்துக் கூறினால், ஏறுதலே வாழ்நாளை நீட்டித்தது என்று முடிவு செய்யலாமா? நோயுற்றுக் கிடப்பவர் ஏற மாட்டாமையால், ஏறுவோர் அனைவரும் முன்னரே உடல்நலம் உடையோராய் இருத்தலுங் கூடுமன்றோ? அதுபோலவே, தக்காளி மிகுதியாக உண்போர் உடலுழைப்பிலும் பிற ஒழுக்கங்களிலும் ஏனையோரினும் வேறுபட்டிருக்கலாம். அவ்வேறுபாடுகளைக் கணக்கினாற் கழிக்க முயல்வர். முற்றக் கழித்தல் அரிது.

பின்வந்த ஆராய்ச்சிகள் ஒருமைப்படவில்லை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்று, உணவைப் பற்றி வினவுவதோடு நில்லாது, குருதியில் உள்ள லைகோபீனையே அளந்தது. அது மிக்கார்க்கும் குறைந்தார்க்கும் நோயில் வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்க நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டில் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் எடுத்து நோக்கிற்று. லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்றற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று அது முடிவு செய்தது. தக்காளி உணவைப் பற்றியோ, சான்று மிகச் சிறிது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

எலிகளைக் கொண்டு செய்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே கருதத்தக்கது. ஒரு தொகுதி எலிகட்கு முழுத் தக்காளியை உலர்த்திப் பொடித்த தூளையும், மற்றொரு தொகுதிக்குப் பிரித்தெடுத்த லைகோபீனை மட்டும் உணவிற் கலந்து கொடுத்தனர். தக்காளித் தூள் உண்டவற்றில் புரோஸ்டேட் புற்றால் இறத்தல் குறைந்தது. லைகோபீன் மட்டும் உண்டவற்றில் குறிப்பிடத்தக்க குறைவில்லை. இதனினும் வியப்பு யாதெனின், உணவின் அளவையே ஐந்தில் ஒரு பங்கு குறைத்து உண்பித்த எலிகளும் நெடிது வாழ்ந்தன. எலிக்கு ஒத்தது மனிதர்க்கும் ஒக்கும் என்று துணிதற்கில்லை. ஆயினும், காயிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்தால் காயின் பயன் முழுதும் அதனோடு வரும் என்னும் எண்ணம் இதனால் அசைகின்றது.

கோசு, முள்ளங்கி, கடுகு

அடுத்து முட்டைக்கோசின் குடும்பத்தை நோக்குவோம். காலிபிளவர், புரோக்கோலி, நூற்கோல், முள்ளங்கி, கடுகு ஆகியவெல்லாம் இக்குடும்பத்தினவே. முழுக் கடுகைக் கையில் வைத்து முகர்ந்தால் காரம் இல்லை. அம்மியில் அரைத்தவுடன் மூக்கில் ஏறுகின்றது. இது யாங்ஙனம் எனின், கடுகினுள் ஒரு பொருளும், அதனை மாற்றவல்ல நொதி ஒன்றும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போது அறைகள் உடைந்து இரண்டுங் கூடுகின்றன. அக்கூட்டத்திற் பிறப்பதே அக்காரம். இவ்வாறே புரோக்கோலியை நறுக்கும்போதும் மெல்லும்போதும் சல்பொராபேன் என்னும் பொருள் பிறக்கின்றது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பால் தலாலே என்பவரும் உடனாய்ந்தோரும் இதன் இயல்பை வெளியிட்டனர். உடம்பில் புகும் நச்சுப்பொருள்களை வெளியேற்றும் நொதிகளை இது தூண்டுகின்றது என்பது அவர் கண்டது. காயை நெடுநேரம் கொதிக்கவைத்தால் முற்கூறிய நொதி அழிந்துவிடுமாதலின், நறுக்கியபின் சிறிது பொழுது வைத்திருந்து மிதமாக வேகவைத்தல் நன்று.

ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் புற்றுநுண்ணறைகளின்மேல் இப்பொருள் பலவகையாகத் தொழிற்படுகின்றது. ஆயினும் கிண்ணம் வேறு, உடம்பு வேறு. நாம் உண்ணுங் கோசுப் பொரியலால் ஒருவர்க்கு வந்த புற்று நீங்கும் என்பது யாண்டும் நிறுவப்படவில்லை.

நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனி

தகடூராகிய இம்மண்ணில் பிறந்த நமக்கு, அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியைத் தெரியாதார் இலர். உண்டார்க்கு நெடுவாழ்வு தருங் கனி அஃது என்பர். அத்தகைய கனி ஒன்று மாத்திரையாகச் சிமிழில் அடைபட்டுக் கடையில் விலைக்குக் கிடைக்குமாயின் யார்தாம் விரும்பார்? அவ்விருப்பத்தை அறிந்தே, லைகோபீன் என்றும் பிறவென்றும் பெயரிட்டு மாத்திரைகள் விற்கப்படுகின்றன. இவற்றை வாங்குமுன் இரண்டு வரலாறுகளை நினைத்தல் வேண்டும்.

ஒன்று பின்லாந்து நாட்டில் நிகழ்ந்தது. காரட்டுக்கு நிறந்தரும் பீட்டா கரோட்டின் நுரையீரற் புற்றைத் தடுக்கும் என்று கருதி, புகைபிடிக்கும் ஆடவர் 29 ஆயிரம் பேரை, திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோலத் தொகுதிகளாகப் பிரித்தனர். சிலர்க்கு அம்மாத்திரையும், சிலர்க்கு வைட்டமின் ஈ என்பதும், சிலர்க்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு யாவரையும் திகைக்கச் செய்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்க்கு நுரையீரற் புற்று குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு மிகுந்தது. வைட்டமின் ஈ உண்டவர்க்கோ புரோஸ்டேட் புற்று குறைந்து காணப்பட்டது.

இக்குறைவை நம்பி எழுந்தது இரண்டாவது. 2001ஆம் ஆண்டில் தொடங்கி, வட அமெரிக்காவில் 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடவர்க்கு வைட்டமின் ஈ, செலினியம் என்னும் இரண்டையும் தனித்தும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தனர். பயன் ஒன்றுங் காணாமையால் 2008ஆம் ஆண்டில் மாத்திரைகளை நிறுத்தினர். நிறுத்திய பின்னரும் அவர்களைக் கவனித்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்க்குப் புரோஸ்டேட் புற்று நூற்றுக்கு 17 பங்கு மிகுந்திருந்தது. தடுக்க வந்தது வளர்த்தது! காயாக உண்ணுங்கால் தீங்கற்ற ஒரு பொருளே, பிரித்தெடுத்துப் பேரளவில் விழுங்குங்கால் வேறு குணங் காட்டலாம் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

உணவே மருந்தாகுமா?

அங்ஙனமாயின், மாத்திரை வேண்டா. காய்கறியையே மிகுதியாக உண்டால் வந்த நோய் நில்லாதோ என்று கேட்கலாம். இவ்வினாவை நேரே சோதித்த ஆராய்ச்சி ஒன்றுண்டு. புரோஸ்டேட் புற்று மெல்ல வளரும் இயல்பினதாய்த் தொடக்க நிலையிற் கண்டறியப்பட்டால், சிலர்க்கு உடனே அறுவையோ கதிர்வீச்சோ செய்யாது, காலந்தோறும் சோதித்துக் கண்காணித்து வருதலும் இக்கால மருத்துவத்தில் ஒரு முறையாகும். அமெரிக்காவில் அங்ஙனங் கண்காணிக்கப்பட்ட 478 பேரை இருபகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்குத் தொலைபேசி வழியே இடையறாது அறிவுரை கூறி, நாளொன்றுக்கு 7 பங்கோ அதற்கு மேலோ காய்கறி உண்ணச் செய்தனர். தக்காளியும் கோசுக் குடும்பத்துக் காய்களும் அவற்றுட் சிறப்பிடம் பெற்றன. அவர்கள் மெய்யாகவே மிகுதியாக உண்டனர் என்பது குருதிச் சோதனையாலும் தெரிந்தது. இரண்டாண்டு கழித்து நோக்கியபோது, நோய் முன்னேறுதலில் இருபகுதியார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இம்முடிவு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இதனால் காய்கறி வீண் என்று கொள்ளற்க. நெஞ்சின் நலத்திற்கும், குருதியழுத்தம் அடங்கற்கும், மலச்சிக்கல் நீங்கற்கும், உடல் மிகப் பருக்காமைக்கும் அது துணை என்பதில் ஐயமில்லை. புரோஸ்டேட் நோயுடைய முதியவரும் நெஞ்சுநோயால் இறத்தலுண்டு ஆதலின், அவர்க்கும் அது வேண்டுவதே. காய்கறி நல்ல உணவு. ஆனால் வந்த புற்றுக்கு அது மருந்தன்று. யாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. அதிலே தழைகளின் பெயரோ வேர்களின் பெயரோ ஒன்றுங் கூறப்படவில்லை. அளவறிந்து உண்ணுதலையும், முன்னுண்டது அற்றபின் உண்ணுதலையும் வள்ளுவர் விரித்துரைத்தார். அத்தோடு அவர் நின்றாரா? இல்லை. நோய் வந்தவழி அதனை ஆராய்ந்தறியும் மருத்துவனையும், நோயாளியையும், மருந்தையும், அருகிருந்து பேணுவானையும் இறுதியில் வைத்தார். உணவு நெறி மருத்துவனை வேண்டாததாக்கும் என்பது அவர் கருத்தன்று. இரண்டும் ஓரதிகாரத்துள்ளேயே நிற்கின்றன.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, தக்காளியும் கோசும் கீரையும் முள்ளங்கியும் நம் இல்லங்களில் நாடோறும் இடம்பெறல் வேண்டும். விலை வீழ்ந்த காலத்தில் தக்காளியைச் சாலையோரத்திற் கொட்டுகின்றோம். அதே நாளில் பக்கத்து வீட்டிற் பிள்ளைகள் காயின்றி உண்கின்றனர். விற்க ஏலாததைச் சுற்றத்தார்க்கு வழங்குதலை நம் சங்கத்து இளைஞர் ஒரு பணியாக மேற்கொள்ளலாம். ஆனால், சிறுநீரகம் பழுதுற்றவர் தக்காளியை எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே உண்க.

இரண்டாவது, மருத்துவர் எழுதித் தராத எந்த மாத்திரையையும் புற்றுநோய் தடுக்கும் என்று நம்பி வாங்கற்க.

மூன்றாவது, சிறுநீர் தடைப்படினும், அடிக்கடி கழியினும், குருதி கலப்பினும், இடுப்பிலோ முதுகிலோ வலி நீங்காதிருப்பினும் நாள் கடத்தற்க. தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்ததாயின், அறிகுறி இல்லாதபோதும் மருத்துவரைக் கலந்து, பி. எஸ். ஏ. என்னும் குருதிச் சோதனை தமக்கு வேண்டுமா எனக் கேட்டறிக. அச்சோதனையில் அளவு மிகுந்து வந்தமையாலே புற்றுநோய் என்று அஞ்சற்க. சுரப்பி பருத்தலாலும் அழற்சியாலும் அது மிகும். மேற்சோதனை செய்தே உண்மை தெளிவர்.

நான்காவது, எங்கே செல்வது என்று மயங்கவேண்டா. தருமபுரியில் 2008ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் மருத்துவமனை நம் அருகிலேயே உள்ளது. மேற்சிகிச்சைக்குச் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ஆம் ஆண்டில் தொடங்கிய அறநிலையம் அது. செலவுக்கு அஞ்சுவோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு உரிமையுண்டா என்று மருத்துவமனையிலேயே வினவி அறியலாம்.

தாய்மார்களே! உங்கட்கு ஒரு வேண்டுகோள். இரவில் எத்தனை முறை ஐயா எழுந்து செல்கின்றார் என்பதை அவர் மருத்துவர்க்குச் சொல்லுமுன் நீங்கள் அறிவீர்கள். அவர் மறைப்பாராயினும் நீங்கள் மறைக்கவேண்டா. மூத்த மகனிடங் கூறுங்கள். மக்களே! தந்தையைத் தனியே போய்வரச் சொல்லாது உடன் செல்லுங்கள். அவர் கூசுஞ் சொல்லை மருத்துவர் முன் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். பெரியோர்களே! பெண்மக்கட்கு வரும் புற்றுநோய்களைப் பற்றி இன்று ஊர்தோறும் பேசுகின்றனர். அப்பேச்சினால் நாணம் நீங்கிச் சோதனைக்கு வந்து உயிர் பிழைத்தோர் உளர். ஆண்மக்கள் நோயைப் பற்றி மட்டும் நாம் வாய்திறவாதிருத்தல் என்ன முறை? உடம்பில் ஓர் உறுப்பு உயர்ந்தது, ஓர் உறுப்பு இழிந்தது என்பதில்லை. கண் நோவுக்குக் கூசாத நாம் இதற்குங் கூசவேண்டா.

திருவிழாக் காலத்தில் நம் குலத்தார் ஒருங்கு கூடும்போது, மருத்துவர் ஒருவரை அழைத்து 50 ஆண்டு கடந்த ஆடவர்க்கு இந்நோயைப் பற்றி விளங்கச் சொல்லுவிக்குமாறு சங்கத்துச் செயலாளர் அவர்களை வேண்டுகின்றோம். ஒருவரேனும் அவ்வுரை கேட்டு உரிய காலத்திற் சோதனைக்குச் செல்வராயின், அவர் குடும்பத்திற்கு அதனினும் பெரிய உதவி நம் சங்கத்தாற் செய்தற்கில்லை.